ஒலி விமான விளையாட்டில் வழி அறிதல்: ஹெடிங், பேரிங், டிகிரி பற்றிய முழுமையான வழிகாட்டி

விமானம் ஏறிவிட்டது, சக்கரங்களும் உள்ளே போய்விட்டன. ஹெட்போனில் குரல் சொல்கிறது: "ஹெடிங் 284. இலக்கு 117. தொலைவு 42." இப்போது இடப்பக்கம் திரும்புவதா, வலப்பக்கமா? எவ்வளவு திரும்புவது? எங்கே நிறுத்துவது?

திரையைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டே ஆடும் ஒலி விமான விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் வேகத்தையும் உயரத்தையும் ஒரே மாலையில் பழகிக்கொள்கிறார்கள். திசைக்கு வரும்போதுதான் திணறுகிறார்கள். இதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. திசைகாட்டி பற்றிய விளக்கங்களில் பெரும்பாலானவை ஒரு வட்டப் படத்தில் தொடங்கி, அந்தப் படத்திலேயே முடிந்துவிடுகின்றன. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவருக்கு அந்தப் படத்தை வார்த்தையில் வரைந்து காட்டுவதால் பயன் மிகக் குறைவு. படமே இல்லாமல் இதைக் கற்கலாம். ஒன்று முதல் 360 வரையான எண்கள், கூட்டல், கழித்தல், உங்கள் இடக்கை, வலக்கை: இவை போதும்.

ஸ்லோவாக்கியாவில் உருவான யூரோஃப்ளை போல ஊர் விட்டு ஊர் பறக்கும் விளையாட்டானாலும், த்ரீ-டி வெலாசிட்டி போன்ற போர் விமான விளையாட்டானாலும் கணக்கு ஒன்றுதான். எந்த விசையை அழுத்தினால் ஹெடிங், அதாவது விமானத்தின் மூக்கு நோக்கும் திசை, சொல்லும் என்பது மட்டும் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். அதை அந்தந்த விளையாட்டின் உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வட்டத்தை உடம்பில் பதிய வைப்பது

வடக்கு நோக்கி நில்லுங்கள். அது 0. வலப்பக்கமாகக் கால் வட்டம் திரும்பினால் கிழக்கு, 90. இன்னொரு கால் வட்டத்தில் தெற்கு, 180. அடுத்தது மேற்கு, 270. கடைசிக் கால் வட்டம் உங்களை மறுபடி வடக்கில் கொண்டுவந்து விடும். அதற்கு 360 என்றும் பெயர், 0 என்றும் பெயர். 360-க்கு அடுத்து 361-க்குப் போகும் பேச்சே இல்லை. 360-ஐத் தொட்டதும் எண்ணிக்கை 1, 2 என்று புதிதாகத் தொடங்கும்.

நான்கு மூலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு கட்டும்போது பேசும் மூலைகள் நம் எல்லோருக்கும் தெரியும். ஈசானிய மூலை 45, அக்னி மூலை 135, கன்னி மூலை 225, வாயு மூலை 315. உங்கள் வீட்டுச் சமையலறை அக்னி மூலையில் இருந்தால், வீட்டின் நடுவில் நின்று அதை நோக்கித் திரும்புங்கள்: ஹெடிங் 135. இந்த எட்டு எண்களும் யோசிக்காமல் வாயில் வரும்வரை வீட்டுக்குள்ளேயே திரும்பித் திரும்பிப் பழகலாம். விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரே ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் எண் கூடும். இடப்பக்கம் திரும்பினால் குறையும். கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த விதியிலிருந்து கிளைப்பவைதான்.

எண்ணைக் காதால் கேட்பதிலும் கவனம் தேவை. விமானிகள் எப்போதும் மூன்று இலக்கமாக, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார்கள்: பூஜ்யம், ஒன்பது, பூஜ்யம். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் வெறுமனே "ஐந்து" என்று சொல்லும். அது 005, வடக்கை ஒட்டிய திசை. அதை 050 என்று எடுத்துக்கொண்டால் 45 டிகிரி தவறிப்போவீர்கள். கேட்ட எண்ணை மனத்துக்குள் மூன்று இலக்கமாக மாற்றிச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இரண்டாம் படி: மூன்று எண்களைப் பிரித்து அறிவது

ஹெடிங் என்பது உங்கள் விமானத்தின் மூக்கு நோக்கும் திசை. பேரிங் என்பது நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இலக்கு இருக்கும் திசை. இரண்டும் வடக்கிலிருந்து எண்ணப்படுபவை. மூன்றாவது, சார்புத் திசை: மூக்கிலிருந்து எண்ணினால் இலக்கு எத்தனை டிகிரி வலத்தில், அல்லது இடத்தில் இருக்கிறது என்பது.

சென்னைக்கு மேலே பறக்கிறீர்கள், மூக்கு கடலைப் பார்த்து 090-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து மதுரையின் பேரிங் ஏறத்தாழ 213. 213-இல் 90 போனால் 123. ஆகவே மதுரை உங்கள் வலப்பக்கம் 123 டிகிரியில், வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. இப்போது நீங்கள் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பறந்தாலும் மதுரையின் பேரிங் 213-ஐ விட்டு அதிகம் நகராது. மாறிக்கொண்டே இருப்பது ஹெடிங்கும் சார்புத் திசையும்தான். "நான் திரும்பினால் இலக்கும் திரும்புகிறதே" என்று குழம்புபவர்கள் சார்புத் திசையைப் பேரிங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் விளையாட்டு இவற்றில் எதைச் சொல்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். சோதிப்பது எளிது: ஒரே இடத்தில் 30 டிகிரி திரும்பிப் பாருங்கள். எண் 30 மாறினால் அது சார்புத் திசை. ஏறக்குறைய அப்படியே நின்றால் பேரிங்.

மூன்றாம் படி: எந்தப் பக்கம், எவ்வளவு

இலக்கின் பேரிங்கிலிருந்து உங்கள் ஹெடிங்கைக் கழியுங்கள். விடை கூட்டல் எண்ணானால் வலப்பக்கம், கழித்தல் எண்ணானால் இடப்பக்கம். கூட்டல், கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பார்க்கும்போது விடை 180-க்கு மேல் போனால் நீங்கள் சுற்றுவழியில் போகப் பார்க்கிறீர்கள் என்று பொருள். 360-லிருந்து அதைக் கழித்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்புங்கள்.

ஹெடிங் 350, இலக்கு 020. கழித்தால் மைனஸ் 330. இடப்பக்கம் 330 டிகிரி திரும்புவதைவிட வலப்பக்கம் 30 திரும்புவது மேல். வடக்கைத் தாண்டும் இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். 350-லிருந்து 360 வரை 10, அதற்கு மேல் 20 என்று இரண்டாக உடைத்துக் கூட்டினால் தவறே வராது.

முதலில் கேட்ட எண்களுக்கு வருவோம். ஹெடிங் 284, இலக்கு 117. வித்தியாசம் 167, கழித்தல் எண். எனவே இடப்பக்கம் 167 டிகிரி. அதாவது இலக்கு கிட்டத்தட்ட உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

போர் விமான விளையாட்டில் இவ்வளவு கணக்குப் போட நேரம் இருக்காது. பக்கத்தை மட்டும் உடனே அறிய ஒரு குறுக்கு வழி உண்டு. முதலில் உங்கள் ஹெடிங்குக்கு நேர் எதிர்த்திசையைக் கண்டுபிடியுங்கள். 180-ஐக் கூட்டுவதும் கழிப்பதும் மனக்கணக்கில் சிரமம். அதனால் 200 கூட்டி 20 கழியுங்கள். ஹெடிங் 180-க்கு மேல் இருந்தால் 200 கழித்து 20 கூட்டுங்கள். 284-இல் 200 போக 84, அதனோடு 20 சேர்த்தால் 104. இப்போது 104-க்கும் 284-க்கும் இடையில் வரும் எந்த எண்ணும் உங்கள் இடப்பக்கம். மீதி எல்லாம் வலப்பக்கம். 117 இடையில் விழுகிறது, ஆகவே இடம். ஹெடிங் 180-க்குக் கீழே இருந்தால் இது தலைகீழாகும்: ஹெடிங் 060, எதிர்த்திசை 240, இடையில் வருபவை எல்லாம் வலம். எதிர்த்திசைக் கணக்கை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் ஓடுபாதைக்கும் அதுவேதான் தேவைப்படும்.

நான்காம் படி: திருப்பத்தைச் சரியாக நிறுத்துவது

விமானப் போக்குவரத்தில் சீரான திருப்பம் என்பது நொடிக்கு 3 டிகிரி. கால் வட்டத்துக்கு 30 நொடி, முழு வட்டத்துக்கு 2 நிமிடம். உங்கள் விளையாட்டு இதே வேகத்தில் திரும்புகிறதா என்பதை ஒருமுறை அளந்து பாருங்கள். 360-இல் தொடங்கி 090 வரும்வரை நொடிகளை எண்ணுங்கள். 90-ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் விமானத்தின் திரும்பும் வேகம். போர் விமானங்கள் இதைவிடப் பல மடங்கு வேகமாகத் திரும்பும்.

இதை ஏன் அளக்க வேண்டும்? ஸ்கிரீன் ரீடர் ஓர் எண்ணைச் சொல்லி முடிக்கவே ஒரு நொடி போல ஆகிவிடுகிறது. "நூற்றுப் பதினான்கு" என்று கேட்டு முடிக்கும்போது விமானம் 117-க்குப் போயிருக்கும். கேட்ட எண் எப்போதும் பழைய எண்தான். போதாததற்குச் சாய்ந்த இறக்கை நிமிர்வதற்கும் நேரம் ஆகும். எனவே சாய்வின் பாதி அளவு டிகிரி மிச்சம் இருக்கும்போதே இறக்கையை நிமிர்த்தத் தொடங்குங்கள். 20 டிகிரி சாய்வில் திரும்பினால், போக வேண்டிய எண்ணுக்கு 10 டிகிரி முன்பே நிமிர்த்த வேண்டும். ஹெடிங் விசையை ஓயாமல் அழுத்திக்கொண்டிருப்பதால் பேச்சு ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எதுவும் காதில் ஏறாது. நொடியை மனத்துக்குள் எண்ணி, முடியும் தறுவாயில் இரண்டு முறை கேட்டால் போதும்.

ஐந்தாம் படி: காதை எங்கே நம்புவது, எண்ணை எங்கே நம்புவது

முதலில் கருவி. ஹெட்போனின் இடமும் வலமும் மாறியிருக்கக் கூடாது. விண்டோஸ் அமைப்புகளில் மோனோ ஆடியோ என்ற வசதி இயக்கத்தில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது இரு காதுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்து, திசையை அழித்துவிடும். புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வரும் என்பதால் கம்பி உள்ள ஹெட்போனே சிறந்தது.

இலக்கின் ஒலி இடக்காதில் கூடுதலாகக் கேட்டால் இலக்கு இடப்பக்கம். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ஒலி நேர் நடுவில் கேட்கும்போது இலக்கு முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். இரண்டு நிலையிலும் இரு காதுகளுக்கும் ஒரே அளவுதான் கேட்கும். நம் முதல் எடுத்துக்காட்டில் இலக்கு இடப்பக்கம் 167 டிகிரியில் இருந்தது அல்லவா? சாதாரண ஸ்டீரியோவில் அது முன்னால் 13 டிகிரி இடப்பக்கம் இருக்கும் பொருளைப் போலவே கேட்கும். காதை மட்டும் நம்பினால், கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிவிட்டு இலக்கை நோக்கிப் போவதாக நினைத்து, அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

இதைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. வலப்பக்கம் 20 டிகிரி திரும்புங்கள். இலக்கு முன்னால் இருந்தால் ஒலி இடக்காதுக்கு நகரும். பின்னால் இருந்தால் வலக்காதுக்கு நகரும். ஒலி உங்கள் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடினால் முன்னால். நீங்கள் திரும்பிய பக்கமே கூட வந்தால் பின்னால். நாற்காலியில் அமர்ந்து, யாரையாவது முன்னாலும் பின்னாலும் நின்று பேசச் சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிப் பாருங்கள். காரணம் உடனே விளங்கிவிடும்.

எண் உங்களைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுவந்து விடட்டும். கடைசிச் சில டிகிரிகளைக் காது சரிசெய்யட்டும். நான் எல்லோருக்கும் சொல்வது இந்த வரிசையைத்தான். எண் சொல்லாத வேகத்தில் எதிரி நகரும்போது காது முந்திக்கொள்ளும். 200 மைல் தொலைவில் இருக்கும் விமான நிலையத்துக்குக் காதால் எந்த உதவியும் இல்லை.

போர் விளையாட்டுகளில் "எதிரி 4 மணி" என்பது போன்ற அறிவிப்பும் வரும். மூக்கு 12 மணி. ஒரு மணிக்கு 30 டிகிரி. 4 மணி என்றால் வலப்பக்கம் 120. உங்கள் ஹெடிங் 200 ஆனால் எதிரியின் பேரிங் 320.

ஆறாம் படி: ஓடுபாதை எண்

ஓடுபாதையின் எண்ணே அதன் திசை. காந்த வடக்கிலிருந்து (திசைகாட்டி முள் காட்டும் வடக்கு) எண்ணிய டிகிரியை அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி, கடைசிப் பூஜ்யத்தை நீக்கிவிடுவார்கள். சென்னையின் முதன்மை ஓடுபாதை 07/25. ஒரு முனையிலிருந்து பறந்தால் ஏறத்தாழ 070, மறுமுனையிலிருந்து 250. இரண்டாவது ஓடுபாதை 12/30. மதுரையில் 09/27. இரு எண்களுக்கும் இடையே எப்போதும் 18 வித்தியாசம் இருக்கும்.

காந்த வடக்கு மெல்ல நகர்வதால் இந்த எண்களும் மாறுவதுண்டு. லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05/23 என்றிருந்த ஓடுபாதை 2009-இல் 04/22 ஆனது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு சென்னையில் ஒன்றிரண்டு டிகிரிதான், விளையாட்டில் அதை விட்டுவிடலாம். நியூயார்க்கில் அது ஏறத்தாழ 13 டிகிரி. அங்கே பறக்கும்போது உங்கள் விளையாட்டு எந்த வடக்கைப் பயன்படுத்துகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது.

பழகுவதற்கு ஒரு நல்ல பயிற்சி: 07-இல் ஏறி, ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் கால் வட்டமாகத் திரும்பி, அதே ஓடுபாதைக்கு வருவது. 070, 340, 250, 160, மறுபடி 070. முதல் திருப்பத்திலேயே வடக்கைத் தாண்ட வேண்டியிருப்பதால் இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

ஏழாம் படி: காற்று

விளையாட்டில் காற்று இல்லையென்றால் இதைத் தாண்டிப் போங்கள். காற்றின் திசை எப்போதும் அது எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. விமானக் கணக்கும் அப்படியே. காற்று 270 என்றால் மேற்கிலிருந்து அடிக்கிறது, உங்களைக் கிழக்கே தள்ளுகிறது.

எவ்வளவு ஈடுகட்ட வேண்டும்? காற்றின் வேகத்தை 60-ஆல் பெருக்கி, விமானத்தின் வேகத்தால் வகுங்கள். 20 நாட் காற்று, 120 நாட் விமானம் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்): 10 டிகிரி. இது காற்று நேர் பக்கவாட்டில் அடிக்கும்போது. மூக்குக்கு 30 டிகிரி பக்கத்திலிருந்து அடித்தால் பாதி, 45 என்றால் முக்காலுக்குச் சற்றுக் குறைவு, 60-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட முழுவதும். மதுரைக்கு 213-இல் போகும்போது காற்று 270-லிருந்து வந்தால், அது மூக்குக்கு வலப்பக்கம் 57 டிகிரி. 10-இல் ஏறத்தாழ 8 எடுத்துக்கொண்டு, காற்று வரும் பக்கமாக, 221-இல் பறக்க வேண்டும். மூக்கு 221-ஐப் பார்க்கும், விமானம் 213-இல் நகரும்.

60-க்கு இன்னொரு பயனும் உண்டு. 60 மைல் பறந்தால் 1 டிகிரி பிசகுக்கு 1 மைல் விலகல். சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 226 கடல் மைல். 5 டிகிரி பிசகினால் கிட்டத்தட்ட 19 மைல் தள்ளிப்போய் நிற்பீர்கள். பேரிங்கை 20, 30 மைலுக்கு ஒருமுறை கேட்டுத் திருத்துங்கள்.

எட்டாம் படி: சென்னையிலிருந்து மதுரைக்கு

காற்றில்லாத நாளாக அமைத்துக்கொள்ளுங்கள். சென்னை 25-இல் ஏறுகிறீர்கள், ஹெடிங் 250. மதுரை 213. வித்தியாசம் 37, இடப்பக்கம். 120 நாட் வேகத்தில், 20 டிகிரி சாய்வில் திரும்பினால், 223 கேட்டதும் நிமிர்த்தத் தொடங்கி 213-இல் நிலைப்படுத்துங்கள். அதன் பிறகு நீண்ட நேரம் வேலை அதிகம் இல்லை. பேரிங்கையும் தொலைவையும் அவ்வப்போது கேளுங்கள்.

மதுரையில் 09-இல் இறங்கப் போகிறோம். கிழக்கு நோக்கி இறங்க வேண்டுமானால் விமான நிலையத்துக்கு மேற்கே போய் நிற்க வேண்டும். ஆனால் நாம் வடகிழக்கிலிருந்து வருகிறோம். தொலைவு 30 ஆனதும் வலப்பக்கம் 13 டிகிரி திரும்பி 226-இல் போங்கள். இப்போது விமான நிலையம் மூக்குக்கு இடப்பக்கம் விலகத் தொடங்கும். அதன் பேரிங் 213-லிருந்து குறையும். 180 என்று கேட்டால் நிலையத்துக்கு நேர் வடக்கே இருக்கிறீர்கள். பிறகு 150, 120 என்று குறையும். 98-க்கு வந்ததும் இடப்பக்கம் திரும்பத் தொடங்குங்கள். ஓடுபாதைக்கு ஏறத்தாழ 10 மைல் முன்னால், 090-இல் மூக்கு நிலைப்படும்.

இங்கேதான் பலர் ஒரு தவறு செய்வார்கள். பேரிங் 093 என்று சொன்னால் உடனே மூக்கையும் 093-க்குத் திருப்பிவிடுவார்கள். அப்படிப் போனால் ஓடுபாதைக்கு வந்து சேரலாம், ஆனால் கோணலாக வந்து சேர்வீர்கள். பேரிங் 093 என்றால் நீங்கள் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கிறீர்கள் என்று பொருள். கோட்டுக்கு வர பேரிங்கையும் தாண்டித் திரும்ப வேண்டும்: 100-இல் பறங்கள். பேரிங் 092, 091 என்று குறைந்து 090-ஐ நெருங்கும்போது மூக்கையும் 090-க்குக் கொண்டுவாருங்கள். பேரிங் 087 என்றால் மறுபக்கம் இருக்கிறீர்கள்; 080-இல் பறந்து அதேபோலத் திருத்துங்கள். தொலைவு குறையக் குறைய ஒரே அளவு விலகல் கூடுதல் டிகிரியாகத் தெரியும், அதனால் இந்தத் திருத்தங்களை 5 மைலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கடைசி மைலில் ஹெடிங், பேரிங் இரண்டும் 090 என்று சொன்னால் நடுக்கோட்டில்தான் இருக்கிறீர்கள்.

திரும்பி வரும் பயணத்தை நீங்களே கணக்கிட்டுப் பறந்து பாருங்கள். 213-க்கு எதிர்த்திசை 033. மதுரை 09-இல் ஏறினால் இடப்பக்கம் 57. சென்னையில் 25-இல் இறங்குவதானால் விமான நிலையத்தின் பேரிங் 250 என்று கேட்கும் இடத்துக்குப் போக வேண்டும். 250-க்கு எதிர்த்திசை 070. எனவே நிலையத்தைத் தாண்டி, கிழக்கு வடகிழக்கே 10 மைல், வங்கக் கடலுக்கு மேலே போய்த்தான் திரும்ப வேண்டும்.